அலிஃபும் லாமும் விரலடிக்கு வரட்டும்

கணினியில் அரபி தட்டச்சு செய்யும் வேலை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. மதரஸாப் பிள்ளைகளுக்குப் பாடத்தாள், திருமண அழைப்பிதழின் முதல் வரி, துஆ தொகுப்பு, வளைகுடாவில் இருக்கும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம், மொழிபெயர்ப்புப் பணி என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கம் அடித்ததும் ஆட்காட்டி விரலின் அடியில் வலி எடுக்கிறது, மணிக்கட்டு இறுகுகிறது என்பவர்கள் தங்கள் விரல்தான் இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு விரலில் இல்லை, எழுத்துகளை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. அதை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளிலும் சிறு மேடு இருக்கும். ஆட்காட்டி விரல்கள் குடியிருக்க வேண்டிய இடம் அதுதான். அரபியில் மிக அதிகமாக வரும் எழுத்துகள் அலிஃபும் லாமும். விண்டோஸின் வழக்கமான அரபி 101 அமைப்பில் அலிஃப் எச் விசையிலும் லாம் ஜி விசையிலும் இருக்கின்றன. இரண்டும் விரல் குடியிருக்கும் இடத்தில் இல்லை, பக்கவாட்டில் ஒரு விசை தள்ளி இருக்கின்றன. குடியிருக்கும் இடமான எஃப் விசையில் பாவும், ஜே விசையில் தாவும் உட்கார்ந்திருக்கின்றன. அரபியில் 'அல்' சேராத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'அல்'லுக்கும் இரண்டு ஆட்காட்டி விரல்களும் உள்பக்கம் நீண்டு, திரும்பி வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு எத்தனை முறை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், வலியின் காரணம் விளங்கிவிடும்.

2. எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. மாதம் நாலு வரி மட்டும் அடிப்பவர், ஆங்கில விசைகள் நன்றாகத் தெரிந்தவர் என்றால் ஒலிவழி அமைப்பே போதும். பி அடித்தால் பா, எம் அடித்தால் மீம் என்று ஒலி ஒட்டி வரும் அமைப்பு அது. மேக்கில் 'அரபிக் குவெர்ட்டி' என்ற பெயரில் கூடவே வருகிறது, லினக்ஸிலும் உண்டு. நாள்தோறும் பக்கம் பக்கமாக அடிப்பவருக்கு இது தோதுப்படாது. ஸாத், ளாத் போன்ற அழுத்த எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் தனி விசை இல்லாததால் அவை பெரும்பாலும் ஷிஃப்ட்டுக்கு மேலே போய்விடும். அப்படிப்பட்டவர் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு சில விசைகளை மட்டும் இடம் மாற்றுவது நல்லது.

3. லினக்ஸில் 'பக்வால்டர்' என்று ஒரு வகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிம் பக்வால்டர் அரபியைக் கணினி ஆய்வுக்காக ஆங்கில எழுத்துகளில் ஒன்றுக்கு ஒன்றாகக் குறிக்க வகுத்த முறை அது. விரலுக்காகச் செய்ததல்ல. அதில் சிறிய ஏ எழுத்து ஃபத்ஹாவுக்கு (ஜபர்), பெரிய ஏ எழுத்து அலிஃபுக்கு. அதாவது அரபியின் அதிகம் வரும் எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ஜபர், ஜேர் இல்லாத சாதாரண அரபி அடிப்பவருக்கு இது கூடுதல் சுமை. பிள்ளைகளுக்கான பாடம் போல முழுக்கக் குறியிட்டு அடிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஜபர், ஜேர், பேஷ் மூன்றும் ஏ, ஐ, யு விசைகளில் ஷிஃப்ட் இல்லாமலே வந்துவிடும். அந்த ஒரு வேலைக்கு இதை விட வசதியானது குறைவு.

4. நான் பரிந்துரைப்பது நாலு விசை மாற்றம்தான். அலிஃபை எச்சிலிருந்து ஜேவுக்குக் கொண்டு வாருங்கள், அங்கிருந்த தா எச்சுக்குப் போகட்டும். லாமை ஜியிலிருந்து எஃப்புக்குக் கொண்டு வாருங்கள், அங்கிருந்த பா ஜிக்குப் போகட்டும். மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இப்போது 'அல்' அடிக்க ஜே, எஃப். இரண்டும் மேடுள்ள விசைகள், வலக்கை ஒன்று இடக்கை ஒன்று என்று மாறி மாறி விழும், விரல் எங்கும் நீள வேண்டியதில்லை. பாவும் தாவும் பக்கவாட்டுக்குப் போய்விட்டனவே என்று கேட்கலாம். போனால் போகட்டும். அவையும் குறைவாக வருபவை அல்ல, ஆனால் அலிஃப், லாம் அளவுக்கு வருவதில்லை. மொத்தக் கணக்கில் விரலுக்கு லாபம்தான். முழு விசைப்பலகையையும் கலைத்து அறிவியல்படி புதிதாக அடுக்குவதில் சிலருக்கு ஆசை உண்டு. வீட்டு வேலைக்கு அது தேவையில்லை. முப்பது விசையைப் புதிதாகப் பழகுவதற்குள் அலுத்துப்போய்ப் பழையதற்கே திரும்புவார்கள். நாலு விசையை யாரும் பழகிக்கொள்வார்கள்.

5. ஷிஃப்ட் எழுத்துகளையும் மறக்காமல் கூடவே நகர்த்துங்கள். எச் விசையில் ஷிஃப்ட் அழுத்தினால் ஹம்ஸா தாங்கிய அலிஃப் வரும். அலிஃப் ஜேவுக்கு வந்துவிட்டால் அதுவும் ஜேவின் மேலே வர வேண்டும். இல்லையென்றால் தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று விரல் குழம்பிவிடும்.

6. பி விசையில் 'லாம்-அலிஃப்' சேர்ந்த ஒரு விசை இருக்கிறது. இரண்டு எழுத்தும் சேரும்போது ஒரே வடிவமாக எழுத வேண்டியிருந்த தட்டச்சு எந்திரக் காலத்து ஏற்பாடு இது. இப்போது லாமையும் அலிஃபையும் தனித்தனியே அடித்தால் எழுத்துருவே சேர்த்துக் காட்டிவிடும், தனி விசை தேவையில்லை. சில லினக்ஸ் சூழல்களில் இந்த விசை இரண்டு எழுத்தாக இல்லாமல் ஒரே ஒட்டு எழுத்தாகப் பதிவாகிவிடுவதும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் அந்தச் சொல் சிக்காது. ஆகவே இந்த விசையைக் காலி செய்துவிட்டு, மேலே ஹம்ஸா உள்ள அலிஃபை ஜேவின் ஷிஃப்ட்டிலிருந்து எடுத்து இங்கே வையுங்கள். அடிக்கடி வரும் எழுத்து அது, ஷிஃப்ட் இல்லாமல் கிடைத்தால் சுண்டுவிரலுக்குப் பெரிய நிம்மதி.

7. இந்த மாற்றம் கையில் படிந்த பிறகு மட்டும் அடுத்த படி. ரா எழுத்து வி விசையில், கீழ் வரிசையில் இருக்கிறது. ஸீன் எழுத்து எஸ் விசையில், நடு வரிசையில் இருக்கிறது. ஸீனை விட ரா அதிகம் வரும். இரண்டையும் இடம் மாற்றலாம். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், முதல் மாற்றத்திலேயே முக்கால்வாசிப் பலன் வந்துவிடும்.

8. கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் மூன்று வரிசையையும் வரைந்து, மாறும் விசைகளைச் சிவப்பில் எழுதுங்கள். பென்சிலில் திருத்துவது எளிது. மென்பொருளில் பாதி வேலைக்குப் பிறகு 'இந்த எழுத்து எங்கே போயிற்று?' என்று தேடுவது பெரும்பாடு. ஓர் எழுத்தும் விடுபடவில்லை, ஓர் எழுத்தும் இரண்டிடத்தில் வரவில்லை என்பதைத் தாளிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

9. விண்டோஸில் செய்யும் முறை: மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர்' என்ற கருவியை அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பழைய மென்பொருள் என்பதால் டாட்நெட் 3.5 வேண்டும் என்று கேட்கலாம், அனுமதி கொடுங்கள். திறந்ததும் ஃபைல் பட்டியலில் 'ஏற்கெனவே உள்ள விசைப்பலகையை ஏற்று' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் அரபிக் 101 அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வெற்றுப் பலகையிலிருந்து தொடங்க வேண்டாம். திரையில் தெரியும் விசையைச் சொடுக்கினால் அதற்குரிய எழுத்தை மாற்றும் பெட்டி திறக்கும். உங்கள் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பிறகு பிராஜெக்ட் பட்டியலில் பண்புகள் பகுதிக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். உள்பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். விளக்கப் பெயரில் 'அரபிக் - அம்மா' என்றோ 'அரபிக் - விரல்' என்றோ தனித்துத் தெரியும்படி எழுதுங்கள். 'அரபிக்' என்று மட்டும் வைத்தால் பட்டியலில் எது பழையது எது புதியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்து அமைப்பைச் சரிபார்க்கும் வரி. அதை அழுத்தினால் பிழை இருந்தால் காட்டும். கடைசியாக நிறுவும் பொதியை உருவாக்கச் சொல்லுங்கள். ஒரு கோப்புறை உருவாகும், அதில் 'செட்டப்' என்ற கோப்பை இயக்குங்கள். கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய், அரபி மொழியின் விருப்பங்களில் 'ஆட் எ கீபோர்டு' என்ற வரியைத் தொட்டால் உங்கள் அமைப்பின் பெயர் அங்கே இருக்கும்.

10. பின்னால் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் பழையதை முதலில் நீக்குங்கள். மற்ற மென்பொருள்களைப் போல இதுவும் நிறுவிய செயலிகளின் பட்டியலில் இருக்கும். நீக்காமல் அதே பெயரில் மறுபடி நிறுவினால் சிக்கல் வரும். நீக்க மனமில்லை என்றால் புதியதற்கு வேறு உள்பெயர் கொடுங்கள்.

11. மேக் வைத்திருப்பவர்கள் எஸ்ஐஎல் நிறுவனத்தின் 'யூகலேலே' என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். உருவாக்கிய கோப்பை உங்கள் பயனர் கோப்புறையின் லைப்ரரிக்குள் 'கீபோர்டு லேஅவுட்ஸ்' என்ற இடத்தில் போட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தால் உள்ளீட்டுப் பட்டியலில் சேர்க்க முடியும். கட்டளை விசையோடு சேர்ந்த அடுக்கை மட்டும் தொடாதீர்கள், நகலெடுப்பது ஒட்டுவது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸில் கணினியின் பொதுக் கோப்பைத் திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடலாம். அதனால் உங்கள் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே எக்ஸ்கேபி (லினக்ஸின் விசையமைப்பு முறை) கோப்பை வையுங்கள்.

வீட்டில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு மூன்றும் இருக்கின்றன என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்வது வீண். அதே எஸ்ஐஎல் நிறுவனத்தின் 'கீமேன்' மென்பொருள் எல்லாவற்றிலும் ஓடும், இலவசமும்கூட. ஒருமுறை அமைப்பை எழுதிவிட்டால் எல்லாக் கருவிக்கும் அதே கோப்பு போதும்.

12. கணினி பலருக்குப் பொதுவானது என்றால் பழைய அமைப்பை நீக்காதீர்கள். கல்லூரி படிக்கும் பிள்ளை வகுப்பில் வழக்கமான அமைப்பில்தான் அடிப்பான். வீட்டில் அது இல்லையென்றால் தேர்வில் திண்டாடுவான். இரண்டையும் வைத்துக்கொண்டு அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே கணினியில் அவரவருக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

13. கடவுச்சொல்லை அரபியில் வைக்காதீர்கள். நுழைவுத் திரையில் உங்கள் அமைப்பு வராமல் போகலாம். ஆங்கில விசைப்பலகையே பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும்.

14. அமைப்பை மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் போதும். இடப்பக்கம் ஆல்ட், ஷிஃப்ட் சேர்ந்தாலும் மொழி மாறிவிடும். அறியாமல் இது பட்டுவிட்டு 'கீபோர்டு கெட்டுவிட்டது' என்று பயப்படுபவர்கள் நிறைய. இந்த இரட்டை விசையை அமைப்புகளில் செயலிழக்கச் செய்துவிட்டால் வயதானவர்களுக்கு நிம்மதி.

15. பழகும் முறையில் கவனம் வேண்டும். ஒரே நாளில் புதிய அமைப்பில் கடிதம் எழுத உட்காராதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். தினமும் காலையில் ஒரு கால் மணி நேரம் மட்டும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மற்ற நேரம் வேலையைப் பழைய அமைப்பிலேயே முடியுங்கள். முதல் சில நாள் அலிஃபும் லாமும் மட்டும். பிறகு 'பாப்' (கதவு), 'பிலால்' போன்ற சிறு சொற்கள். பயிற்சிக்கு எனக்கு மிகவும் பிடித்த சொல் 'அல்பைத்' (வீடு). அலிஃப், லாம், பா, யா, தா என்று ஐந்தே எழுத்து. இடம் மாறிய நாலு எழுத்தும் அதில் வந்துவிடுகின்றன. ஜே, எஃப், ஜி, டி, எச் என்று விரல் விழ வேண்டும். பார்க்காமல் அடிக்க வந்தவுடன் 'பாபுல் பைத்' என்று இரண்டு சொல்லாக நீட்டுங்கள். அதன் பிறகு மனப்பாடமாகத் தெரிந்த ஸூராவையோ துஆவையோ அடித்துப் பாருங்கள். அடுத்த சொல் என்ன என்று யோசிக்க வேண்டாததால் கவனம் முழுவதும் விரலில் நிற்கும்.

தமிழ்த் தட்டச்சு எந்திர முறையிலிருந்து தமிழ்99க்கு மாறியவர்களுக்கு இந்தச் சிரமம் புதிதல்ல. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் போயின. முதலில் வேகம் பாதியாகக் குறையும், பிறகு ஏறும். இங்கும் அப்படித்தான். வேகம் குறைந்த நாட்களில் பதறிப்போய் விட்டுவிடாதீர்கள்.

16. விசைகள் மேல் ஒட்டும் அரபி எழுத்து வில்லைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை வழக்கமான அமைப்புக்கு உரியவை. புதிய அமைப்புக்காக நாலு வில்லையைப் பிய்த்து மாற்றி ஒட்டினால் மற்றவர்களுக்குக் குழப்பம், உங்களுக்கும் கண்ணைக் கீழே தாழ்த்தும் பழக்கம் வந்துவிடும். அமைப்பை அச்சிட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பார்வை திரையிலேயே நிற்கும், கழுத்தும் குனியாது.

17. ஜபர், ஜேர், பேஷ் குறிகள் வழக்கமான அமைப்பில் க்யூ, ஏ, இ விசைகளின் ஷிஃப்ட்டில் இருக்கின்றன. ஸுகூன் எக்ஸ் மேல், தன்வீன்கள் டபிள்யூ, ஆர், எஸ் மேல், ஷத்து எண் 1க்கு இடப்பக்கத்து விசையின் மேல். எல்லாமே இடக்கைப் பக்கம். அதனால் ஷிஃப்ட்டை வலக்கைச் சுண்டுவிரலால் அழுத்துங்கள். ஒரே கையில் இரண்டையும் அழுத்தும் பழக்கம்தான் மணிக்கட்டைத் திருகுகிறது. ஷத்தும் ஜபரும் ஒரே எழுத்தில் வந்தால் முதலில் ஷத்து, பிறகு ஜபர் என்று ஒரே ஒழுங்கில் அடியுங்கள். மாற்றி அடித்தாலும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் சில மென்பொருள்களில் தேடும்போது இரண்டும் வேறு சொல்லாகிவிடும்.

18. சொந்தமாக அமைப்பு செய்வதன் பெரிய லாபம் வலப்பக்க ஆல்ட் அடுக்கு. குர்ஆன் எழுத்து முறைக்கு வேண்டிய குட்டி அலிஃப் (யூனிகோடில் 0670), அலிஃப் வஸ்லா (0671) இரண்டும் அரபி 101-இல் கிடையாது. இவற்றை ஜே விசையின் ஆல்ட் அடுக்கில் வையுங்கள். 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்பதற்கு யூனிகோடில் ஒரே குறியாக ஓர் இடம் உண்டு. அதை எஸ் விசையில் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடி ஒட்ட வேண்டாம். விண்டோஸில் வலப்பக்க ஆல்ட் என்பது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததற்குச் சமம். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்தச் சேர்க்கைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விசையைத் தேர்ந்தெடுங்கள்.

19. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைப் பக்கம் பாட்டன் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு இந்த அடுக்கு கண்டிப்பாக வேண்டும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்ட மரபு அது. அந்த எழுத்துகள் சாதாரண அரபி விசையமைப்பில் வராது. எந்த அரபி எழுத்தில் புள்ளி கூட்டினார்களோ அதே விசையின் ஆல்ட் அடுக்கில் புதிய எழுத்தை வையுங்கள், நினைவில் வைக்கச் சிரமமே இருக்காது. வைக்கும் முன் உங்கள் எழுத்துருவில் அந்த வடிவம் இருக்கிறதா, சொல்லின் நடுவில் சரியாக ஒட்டுகிறதா என்று அடித்துப் பாருங்கள். எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் தெரிந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும். ஒரு கிதாபை முழுதாகத் தட்டச்சு செய்து முடிப்பது ஊருக்கே செய்யும் உபகாரம், அதற்காக இந்த ஏற்பாட்டில் ஒரு நாள் செலவழித்தால் தப்பில்லை.

20. உருது அல்லது பாரசீக விசைப்பலகையில் அரபி அடிக்காதீர்கள். இது நிறைய பேர் அறியாத சங்கதி. அரபியின் காஃபும் பாரசீகக் காஃபும் சொல்லின் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும், யா எழுத்தும் அப்படித்தான். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ உருது அமைப்பு போட்ட கணினியில் ஒருவர் அரபிப் பாடத்தை அடித்துக் கொடுத்தால் அச்சில் குறை எளிதில் தெரியாது. ஆனால் அதே கோப்பில் 'கிதாப்' என்று அரபி விசையில் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினாலும் இடம் மாறிப்போகும். ஹாவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, உருதுவில் அதற்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு மொழியும் அடிப்பவர்கள் இரண்டு அமைப்பையும் தனித்தனியே வைத்துக்கொண்டு மொழி மாறும்போது அமைப்பையும் மாற்றுங்கள்.

பாரசீகம் அடிப்பவர்களுக்கு இன்னொன்று: ஒட்டாமல் பிரித்து நிறுத்தும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று அந்த மொழிக்கு எப்போதும் வேண்டும். ஈரானின் தர அமைப்பான ஐஎஸ்ஐஆர்ஐ 9147-இல் அது ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்குப் பதிலாக வெறும் இடைவெளி விட்டால் சொல் இரண்டாக உடைந்து, வரி முடிவில் பாதி கீழே போய்விடும்.

21. வரியை நிரப்ப எழுத்தை இழுத்து நீட்டும் கோடு (தத்வீல், யூனிகோடில் 0640) ஒன்று விசையில் இருக்கிறது. அழைப்பிதழ்த் தலைப்புக்கு அழகு. உரைக்குள் போடாதீர்கள், அந்தச் சொல்லும் தேடலில் சிக்காது.

22. தாமர்பூத்தா எம் விசையில், ஹா ஐ விசையில். யா டி விசையில், புள்ளியில்லாத அலிஃப் மக்ஸூரா என் விசையில். சொல்லின் கடைசியில் இவை ஒன்றுக்கு ஒன்று மாறிவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. எகிப்திய அச்சில் கடைசி யாவைப் புள்ளியில்லாமல் போடும் வழக்கம் இருப்பதால் அதைப் பார்த்து அடிப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்.

23. அரபியும் தமிழும் ஒரே வரியில் வரும்போது அடைப்புக்குறியும் எண்ணும் இடம் மாறித் தெரியும். பத்தியின் திசை தவறாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வேர்டு போன்ற மென்பொருளில் வலப்பக்க கன்ட்ரோலும் வலப்பக்க ஷிஃப்ட்டும் அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாகும். இடப்பக்க இரண்டையும் அழுத்தினால் இடமிருந்து வலமாகும். ஸ்பேஸ் தட்டித் தட்டி வலப்பக்கம் தள்ளாதீர்கள். தமிழ் அதிகமுள்ள பத்திக்குத் தமிழின் திசை, அரபி அதிகமுள்ள பத்திக்கு அரபியின் திசை. முடிந்தவரை நீளமான அரபி வாசகத்தைத் தனி வரியில் போடுங்கள்.

24. எண்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை வேர்டின் உயர்நிலை விருப்பங்களில் 'நியூமரல்' என்ற இடத்தில் தீர்மானிக்கலாம். எகிப்திலும் வளைகுடாவிலும் வழங்கும் வடிவம் வேண்டுமானால் அங்கே 'ஹிந்தி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா பக்கம் அனுப்பும் தாள் என்றால் நாம் எழுதும் 1, 2, 3 வடிவமே அவர்களுக்கும் வழக்கம்.

25. அச்சகத்துக்கு அனுப்பும் அழைப்பிதழை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் குறிகள் எல்லாம் இடம் மாறிவிடும். குறியிட்ட உரைக்கு 'அமீரி', 'ஷெஹ்ரஸாத் நியூ' இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். கெய்ரோவின் பூலாக் அச்சகத்தின் பழைய எழுத்தை அடியொற்றிச் செய்தது அமீரி. கிதாபு படித்த கண்ணுக்கு அது உடனே பழகிவிடும்.

26. எந்த அமைப்பாக இருந்தாலும் உட்காரும் முறை சரியில்லை என்றால் பலன் இல்லை. விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள், மணிக்கட்டு மேல்நோக்கி வளையாது. முழங்கை உடம்போடு ஒட்டி, முன்கை தரைக்கு இணையாக இருக்கட்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு மடிக்கணினியில் நீண்ட நேரம் அடிக்க வேண்டாம். இரவில் கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறது என்றால் அது மணிக்கட்டு நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். விசைகளை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

27. விசையமைப்பு உருவாக்கிய மூலக் கோப்பையும் நிறுவும் பொதியையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள், பென் டிரைவிலும் ஒரு நகல் போடுங்கள். புதுக் கணினி வாங்கும்போது பத்து நிமிடத்தில் பழைய வசதி வந்துவிடும். அலுவலகக் கணினியில் நிறுவ நிர்வாகியின் அனுமதி வேண்டியிருக்கும். கேட்டுப் பெறுங்கள், கிடைக்காத இடத்தில் இணைய உலாவியிலேயே ஓடும் கீமேன் வலைப்பலகை கைகொடுக்கும்.